நிபந்தனைகளுக்கு உட்பட்ட வேலை

மார்ச் 2, திங்கள்

இவள், என் வீட்டுக்காரி, போட்ட உத்தரவு. "என் காதுல ஓதறதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதித் தொலைங்க. மருந்துக் கடையில நாள் பூரா நின்னுட்டு வந்து உங்க புலம்பலையும் கேக்க எனக்குத் தெம்பில்ல." மகளுடைய பழைய கணக்கு நோட்டு, பாதிக்கு மேல் காலி. சரி, எழுதுகிறேன். காகிதமாவது கொட்டாவி விடாமல் கேட்கும்.

நான் லாரி ஓட்டப் படிக்கிற பள்ளிக்கு இன்றைக்கு ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லாருக்கும் ஆளுக்கொரு பேனா, பிஸ்கட். பேர், போன் நம்பர் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். நான் இன்னும் லாரியில் ஏறி உட்கார்ந்து பார்த்ததோடு சரி, சாவியைத் திருப்பியதுகூட இல்லை. வகுப்பில் உட்கார்ந்து விதிகள் படிக்கிற கட்டம். வீட்டுக்கு வருவதற்குள் போனில் கடிதம் வந்து நிற்கிறது. "வாழ்த்துகள். எங்கள் நிறுவனத்தில் ஓட்டுநர் பணிக்குத் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்." கொட்டை எழுத்து. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில்: "கீழ்க்கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு."

பெண்ணைப் பார்க்காமலே நிச்சயம் பண்ணின மாதிரி இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? நாற்பத்து மூன்று வயசு, மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனவன். இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குடோனில் இரக்கப்பட்டு பெட்டிகளை ஸ்கேன் அடிக்கிற வேலையில் உட்கார வைத்திருக்கிறார்கள், அதுவும் எத்தனை நாளைக்கோ. லாரி வேலை கிடைத்தால் தப்பித்தேன். கிடைக்காவிட்டால்?

மார்ச் 3, செவ்வாய்

மச்சான் வந்தான். இவளுடைய தம்பி. சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை, ஆனால் லாரி உலகமே அவன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. "லெட்டர் வந்தாச்சுல்ல மாமா, இனிமே நீங்க கம்பெனி ஆள். கால் மேல கால் போட்டு உக்காருங்க." உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பு வலித்தது.

மாஸ்டரிடம் காட்டினேன். எங்களுக்கு ஓட்டக் கற்றுத்தருகிறவர், பாதி ஆயுளை ரோட்டிலேயே கழித்தவர். கடிதத்தைப் படிக்கக்கூட இல்லை, தலைப்பைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது எல்லாருக்கும் வந்திருக்கும்பா. வேலை தரோம்னு அர்த்தமில்ல. வா, பார்க்கலாம்னு அர்த்தம். பத்திரமா வெச்சுக்கோ. ஆனா இதை நம்பி கையில இருக்கறதை விட்டுடாதே."

விடாமல் எப்படி? அடுத்த கட்டப் பயிற்சி முழுநாள். குடோனில் ஒரு அரைநாள் லீவு கேட்டாலே சூப்பர்வைசர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 5, வியாழன்

கம்பெனிக்கு போன் பண்ணினேன். எடுத்தது ஒரு பெண். என்ன குரல், தேன் ஒழுகுகிறது. "சொல்லுங்க சார், உங்களுக்காகத்தான் சார் இருக்கோம்." எனக்காக இதுவரை யாரும் இப்படி இருந்ததில்லை.

லைசென்ஸ் வாங்கிவிட்டால் வேலை நிச்சயம்தானே என்று கேட்டேன். "நூத்துக்கு நூறு சார்." இடுப்பு ஒரு காலத்தில் பிடித்துக்கொண்டது, பரவாயில்லையா? "டாக்டர் சரின்னுட்டா எங்களுக்கும் சரி சார்." வயசு? "அனுபவசாலிங்கதான் எங்களுக்கு வேணும் சார்." வைத்த பிறகுதான் உறைத்தது. வாயில் நூற்றுக்கு நூறு, எழுத்தில் நிபந்தனை. எதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது?

மார்ச் 8, ஞாயிறு

நிபந்தனைகள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. மகள் கேள்வி கேட்கிறாள், நான் ஒப்பிக்கிறேன், அவளுக்கு விளையாட்டு. கனரக வண்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். நிறுவன வாகனங்களை ஓட்டத் தகுதியுள்ள உரிமமாக இருக்க வேண்டும் என்று அதையே இன்னொரு தரம் சுற்றி எழுதியிருக்கிறார்கள். டாக்டர் சோதனை, சிறுநீர்ச் சோதனை. பழைய முதலாளியிடம் நம்மைப் பற்றி விசாரிப்பார்களாம். எல்லாம் முடிந்து அவர்கள் ஊருக்குப் போய் மூன்று நாள் பயிற்சி, அதன் கடைசியில் அவர்களே ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். அப்புறம், "காலியிடங்களைப் பொறுத்து."

இதில் எது ஒன்று புட்டுக்கொண்டாலும் நான் நடுத்தெருவில். இடுப்போடு.

மார்ச் 11, புதன்

குடோன் வேலையை விட்டுவிட்டேன்.

சூப்பர்வைசரிடம் லீவுதான் கேட்கப் போனேன். "லாரி ஓட்டப் போறியா? நீயா? பின்னாடி ஹார்ன் அடிச்சாலே துள்ளிக் குதிப்பியே" என்று நாலு பேர் முன்னால் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஒருநாள் இதே டாக்குக்கு நான் வண்டியோட வருவேன். அப்ப நீங்க நின்னு சரக்கு இறக்குங்க" என்று சொல்லிவிட்டேன். டாக் என்றால் நாங்கள் லாரியின் பின்பக்கத்தை ஒட்டவைத்துச் சரக்கு இறக்குகிற மேடை. என் இடுப்பு போனதே அங்கேதான். அந்த ஆவேசத்தில் அடையாள அட்டையையும் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சம்பளத் தேதியை எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் 12

என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன்.

மார்ச் 16, திங்கள்

முழுநாள் பயிற்சி தொடங்கியது. பள்ளியில் இரண்டு லாரி. ஒன்று வெள்ளை, ஆட்டோமேட்டிக், கியர் தானாக மாறும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போகும், பிரேக்கை மிதித்தால் நிற்கும், சாது. இன்னொன்று கியர் வண்டி. அதற்கு 'சண்டி' என்று பேர். கிளட்சும் கியரும் ஒத்துவராவிட்டால் உறுமிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது.

எந்த வண்டியில் பரீட்சை கொடுக்கிறாய் என்று மாஸ்டர் ஒவ்வொருவரையும் கேட்டார். எல்லாரும் வெள்ளைதான். ஒரே ஒருத்தி சண்டியைக் கேட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், எதையும் ஆற அமரத்தான் செய்வாள், மாஸ்டர் அவளுக்கு 'நிதானம்' என்று பேர் வைத்திருக்கிறார். அவளை எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தோம்.

"ஆட்டோமேட்டிக்ல பாஸ் பண்ணினா லைசென்ஸ்ல ஆட்டோமேட்டிக் மட்டும்னு போட்டுடுவான். கியர் வண்டி தொட முடியாது. யோசிச்சுக்கோங்க" என்றார் மாஸ்டர்.

யோசித்தேன். சண்டியில் ஏறினால் எனக்குப் பரீட்சை போய்விடும். பரீட்சை போனால் முதல் நிபந்தனையே போச்சு, மற்றதெல்லாம் எதற்கு? மச்சானிடம் கேட்டேன். "இப்பல்லாம் யாரு மாமா கியர் போட்டுக்கிட்டு இருக்கா? கம்பெனி வண்டியெல்லாம் புதுசு." அதுவும் சரிதான்.

தேன்குரலிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போனைக் கையில்கூட எடுத்தேன். கேட்டு, அவள் வேறு ஏதாவது சொல்லிவிட்டால்? வேலையை வேறு விட்டாயிற்று. வைத்துவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

டாக்டர் சோதனை. வீட்டில் இவள் பார்த்தபோது ரத்த அழுத்தம் ஒழுங்காகத்தான் இருந்தது. அங்கே பட்டையைக் கையில் சுற்றியதும் ஏறிவிட்டது. "கொஞ்ச நேரம் வெளிய உக்காந்துட்டு வாங்க" என்றார் டாக்டர். உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் போனை எடுத்துக் கடிதத்தைப் படித்தேன். திரும்ப உள்ளே போனால் முன்னைவிட அதிகம்.

இவள் கடையிலிருந்து ஓடி வந்தாள். போனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். "இதைப் பார்த்தீங்கன்னா இப்பவே இந்த ஆஸ்பத்திரியிலயே அட்மிஷன் போட்டுட்டுப் போயிடுவேன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த தரம் அளந்தபோது சரியாக இருந்தது. இடுப்பைப் பற்றி உள்ளதைச் சொன்னேன். குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், ஓட்டலாம், தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

ஒரு நிபந்தனை ஒழிந்தது. நிம்மதி வந்ததா என்றால், இல்லை. பயம் அடுத்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

மார்ச் 24, செவ்வாய்

ரிவர்ஸ் எடுக்கும்போது பிளாஸ்டிக் கூம்பை நசுக்கினேன். "அது கூம்பு. நாளைக்கு அங்க ஒரு ஆள் நிப்பான்" என்றார் மாஸ்டர். "சந்தேகமா இருந்தா இறங்கு. பின்னாடி போய்ப் பார்த்துட்டு ஏறு. எத்தனை தடவை இறங்கினாலும் யாரும் உன்னைத் தூக்குல போட மாட்டாங்க." அதன் பிறகு நான் இறங்கி இறங்கிப் பார்ப்பதைக் கண்டு எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இன்றைக்குப் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்திருந்தார், முன்பு படித்துப் போன கூட்டத்தில் ஒருவர். எனக்கு வந்த கடிதமே அவருக்கும் வந்ததாம், அதே கம்பெனி. ஒரு ஹால் நிறைய ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்களாம். வண்டி அதில் பாதிப் பேருக்குக்கூட இல்லையாம். "அப்புறம் என்ன பண்ணினாங்க?" என்று கேட்டேன். "தொப்பி குடுத்து அனுப்பினாங்க" என்றார்.

தேன்குரலுக்கு போன் பண்ணினேன். "அது வேற பிராஞ்ச் சார். நீங்க தைரியமா இருங்க சார்." எப்படியம்மா இருப்பது, அதையும் சொல்லிக் கொடுத்துவிடு.

மார்ச் 27

மகள் பள்ளியில் 'அப்பா என்ன வேலை' என்று கேட்டார்களாம். லாரி டிரைவர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சொல்லாதே என்று எரிந்து விழுந்தேன். குழந்தை முகம் சுருங்கிப் போய்விட்டது. நான் ஒரு மடையன்.

மார்ச் 30, திங்கள்

பாஸ்.

வெள்ளை வண்டி என்னைக் காப்பாற்றிவிட்டது. இரண்டு தரம் இறங்கிப் பார்த்தேன், பரீட்சை அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. நிதானம் தோற்றுவிட்டாள். ஏற்றத்தில் சண்டி நின்றுபோய்ப் பின்னால் உருண்டது. "மறுபடி குடுக்கறேன் அண்ணே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனாள். பாவமாக இருந்தது. உள்ளுக்குள், நல்லவேளை நான் அந்தப் பைத்தியக்காரத்தனம் பண்ணவில்லை என்றும் இருந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

லைசென்ஸ் கையில் இருக்கிறது. என் படம் திருடனைப் போல இருக்கிறது. ஓரத்தில் சின்னதாக 'ஆட்டோமேட்டிக் மட்டும்' என்கிற அந்தக் குறி. கண்ணாடி போடாவிட்டால் தெரியாது.

ஏப்ரல் 2

லைசென்ஸைப் படம் எடுத்துத் தேன்குரலுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டுகிறது. பதில் இல்லை.

ஏப்ரல் 3

பதில் இல்லை. கூப்பிட்டால் பாட்டுத்தான் பாடுகிறது.

ஏப்ரல் 4

குடோன் பக்கம் போகிற பஸ்ஸைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாராவது பார்த்து "வண்டி எங்கே?" என்று கேட்டுவிட்டால்? ஏன் பதில் போட மாட்டேன் என்கிறாள்? குடோனில் விசாரித்திருப்பார்களோ? சூப்பர்வைசர் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார், நான் பேசிவிட்டு வந்த பேச்சுக்கு?

இவள் சொல்கிறாள்: "வரலைன்னா பாத்துக்கலாம். உங்களை நாங்க என்ன தெருவுலயா விட்டுடுவோம்?" அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் ஒருத்தி நின்று நின்று கால் வீங்கி வருகிறாள். நான் வீட்டில் உட்கார்ந்துகொண்டு...

ஏப்ரல் 6, திங்கள்

வந்துவிட்டது. பதின்மூன்றாம் தேதி பயிற்சிக்கு வரச் சொல்லிக் கடிதம், பஸ் டிக்கெட்டோடு. தேன்குரலே பேசினாள். "சாரி சார், ஒரு வாரமா மூச்சு விட நேரமில்ல." லைசென்ஸ் பார்த்தீர்களா என்றேன். "வந்துடுச்சு சார், பைல்ல சேர்த்துட்டேன்." வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மச்சான் லட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அவன் வாயில் முதல் லட்டை நானே திணித்தேன், கொஞ்ச நேரமாவது பேசாமல் இருப்பானே என்று.

ஏப்ரல் 13, திங்கள்

கம்பெனி லாட்ஜ் அறை. சன்னலுக்கு வெளியே வரிசையாக லாரிகள், நீல நிறம், கழுவித் துடைத்து நிற்கின்றன. இதில் எது எனக்கு என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

ஹாலில் ஒரு கூட்டமே இருந்தது. எல்லார் போனிலும் அதே கடிதம், அதே கொட்டை எழுத்து வாழ்த்து. ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். தொப்பியைப் பார்த்ததும் அந்தப் பழைய மாணவர் சொன்னது ஞாபகம் வந்தது.

நாளைக்குக் காகிதங்களைச் சரிபார்ப்பார்களாம். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுகிறார். கொடுத்து வைத்தவர்.

ஏப்ரல் 14, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கவுண்டர்காரர் லைசென்ஸை வாங்கினார், திருப்பினார், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "ஆட்டோமேட்டிக் மட்டுமா?" ஆமாம் என்றேன். "இங்க இருக்கறதுல பெரும்பாலும் கியர் வண்டி. ஆட்டோமேட்டிக் கொஞ்சம்தான் இருக்கு, அதெல்லாம் பழைய ஆளுங்க கையில." கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லையே என்றேன். "நிறுவன வாகனங்களை ஓட்டத் தகுதியுள்ள உரிமம். இருக்கே." இருக்கிறது. என் மகளிடம் ஒப்பித்த வரி. ஒரே விஷயத்தை இரண்டு தரம் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்த வரி.

என்னைப் போல இன்னும் மூன்று பேர். காலியிடம் இல்லை என்று வேறு சிலர். தொப்பியை வைத்துக்கொள்ளலாமாம்.

வெளியே வருகிற வழியில் ஒரு கண்ணாடி அறை. ஒரு பெண் காதில் போன் மாட்டியபடி டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். "உங்களுக்காகத்தான் சார் இருக்கோம்." நின்றுவிட்டேன். நான் யாரோ அழகான சின்னப் பெண் என்று நினைத்திருந்தேன். என் வயசு இருக்கும். கண்ணுக்குக் கீழே கருப்பு.

நான் யார், என்னை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று சொன்னதும் எழுந்து வெளியே வந்தாள். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "ஏம்மா, நூத்துக்கு நூறுன்னியே" என்பதற்கு மேல் வரவில்லை.

"மன்னிச்சுக்கோங்க சார். ஆளை இங்க வர வைக்கறது வரைக்கும்தான் என் வேலை. எத்தனை வண்டி இருக்குன்னு எனக்கே சொல்ல மாட்டாங்க." அப்புறம் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஆனா இதை நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார். இடுப்பைக் கேட்டீங்க, வயசைக் கேட்டீங்க, எத்தனை தடவை போன் பண்ணீங்க. என்ன வண்டின்னு மட்டும் கேக்கவே இல்லையே."

கேட்கத் தோன்றாமல் இல்லையம்மா. பயந்துகொண்டு கேட்கவில்லை.

ஏப்ரல் 15

வீடு. இவள் தட்டை எடுத்து வைத்தாள். "கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்." மச்சான் வந்தான், உட்கார்ந்தான், செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போய்விட்டான். மகள் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிகிறாள். கழற்று என்று சொல்ல மனசு வரவில்லை.

ஏப்ரல் 17

யாருக்கும் போன் பண்ணவில்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதை மாற்றினேன். குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இனி என்னால் என்ன முடியும்? தூக்க முடியாது. ஓட்டலாம், ஓட்டக் கொடுக்க ஆளில்லை. இவள் கால் வீக்கம் எனக்காகத்தான் என்று நினைக்கும்போது உயிரே போகிறது.

ஏப்ரல் 20, திங்கள்

குடோனுக்குப் போனேன். ஸ்கேன் வேலை, கூட்டுகிற வேலை, எது இருந்தாலும் கேட்டுவிடலாம் என்று. வாசலுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது சூப்பர்வைசரே வெளியே வந்தார்.

"வண்டியோட வரேன்னு சொன்னே? எங்கே வண்டி?"

அங்கேயே பூமி பிளந்து உள்ளே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடந்ததைச் சொன்னேன், ஒன்று விடாமல். அவர் சிரிக்கவில்லை. பல் குத்திக்கொண்டே கேட்டார். "ஆட்டோமேட்டிக் மட்டும்தானா?" ஆமாம். "உள்ள ஒண்ணு சும்மா நிக்குது. ஓட்டறவன் போயிட்டான்."

யார்டு வண்டி. குடோன் வளாகத்துக்குள்ளேயேதான் ஓடும், ரோட்டுக்கே போகாது. வெளியூர் லாரிகள் கழற்றிவிட்டுப் போகிற டிரெய்லரை, அந்தப் பின்பெட்டியை, இழுத்துக்கொண்டுவந்து டாக்கில் ஒட்டவைக்க வேண்டும், காலியானதும் எடுத்துப் போய் ஓரத்தில் நிறுத்த வேண்டும். பூராவும் ரிவர்ஸ்தான். கியர் கிடையாது. இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த வண்டி, என் கண்ணிலேயே பட்டதில்லை.

"ஒரு வாரம் பார்ப்பேன். எதையாவது இடிச்சேன்னு வை, அன்னிக்கே வெளிய" என்றார். "லெட்டர் கிட்டர் எதுவும் கேக்க மாட்டியே?"

மாட்டேன் என்றேன். இதுவும் நிபந்தனைதான். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிபந்தனை போட்டவர் எதிரே நின்று பல் குத்துகிறார்.

ஏப்ரல் 28

ஒரு வாரம் போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. புது அடையாள அட்டை கொடுத்தார்கள். அதே திருடன் படம்.

மே 9

நிதானம் பேசினாள். மூன்றாவது தடவையில் சண்டியிலேயே பாஸ். அவளுக்கும் அந்த நீல வண்டிக் கம்பெனிக் கடிதம் வந்திருக்கிறதாம். "போகவா அண்ணே?" என்றாள். உன்னிடம் கியர் இருக்கிறது, என்னைவிட நன்றாகவே போகலாம், ஆனால் எத்தனை வண்டி, எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் போ, வேனை இப்போதே விட்டுவிடாதே என்றேன். "கேட்டா கோச்சுக்க மாட்டாங்களா?" என்றாள். அடடா, இவளுக்கும் என் பயம்தானா.

மே 21, வியாழன்

நாலாவது டாக்குக்கு டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தேன்குரல். வண்டியை நிறுத்தினேன். வழக்கம்போல இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன், இடம் இருந்தது. ஏறி, ஒட்டவைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு நானே கூப்பிட்டேன்.

"வாழ்த்துகள் சார். ஆட்டோமேட்டிக் வண்டி புதுசா வந்திருக்கு சார். உங்க லைசென்ஸுக்கு அப்படியே பொருந்தும். லெட்டர் அனுப்பவா சார்?"

நீல லாரிகள் கண் முன்னால் வந்து நின்றன. மகளுடைய தொப்பி. ரோடு. பயந்துகொண்டேதான் கேட்டேன், ஆனால் கேட்டுவிட்டேன். "எத்தனை வண்டிம்மா? எத்தனை பேருக்கு லெட்டர் போகுது?"

அந்தப் பக்கம் அறையில் மற்ற பெண்கள் "உங்களுக்காகத்தான் சார்" என்று பேசிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது. அப்புறம் கேட்டாள். தேன் இல்லாத குரல், அன்றைக்குக் கண்ணாடி அறைக்கு வெளியே கேட்டது. "இப்ப எங்கயாவது வேலையில இருக்கீங்களா சார்?"

"பழைய இடத்துலயே. யார்டுல ஓட்டறேன்."

"நல்லது சார், அதை விட்டுடாதீங்க. அப்போ உங்களுக்கு விருப்பமில்லைன்னு போட்டுக்கறேன்." வைத்துவிட்டாள்.

விருப்பமில்லை என்று நான் சொல்லவே இல்லை. திரும்பக் கூப்பிட்டு அதைச் சொல்லலாமா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே சூப்பர்வைசர் நின்று வண்டியைத் தட்டினார், ஆறாவது டாக்கில் ஒன்று காலியாகிவிட்டதாம். போனைப் பையில் போட்டுக்கொண்டு, இறங்கிப் பின்னால் பார்த்துவிட்டு ஏறினேன்.